கொரியாவிலும் மாமியார் உண்டு!

கொரியா நாடு எங்கே இருக்கிறது? திண்டுக்கல் எங்கே இருக்கிறது? மொழி வேறு. உடை வேறு. சாப்பாடு வேறு. ஆனாலும் சின்னாளப்பட்டியில் ஒரு நெசவாளர் வீட்டு அம்மாளுக்குக் கொரியா நாட்டுக் குடும்பச் சண்டைகள் எல்லாம் அத்துப்படி!

அந்த அம்மாளுக்கு வயது 41. கணவர் தறியில் உட்காருவார். அவருக்குத் தார் சுற்றிக் கொடுப்பது இவர் வேலை. கை ராட்டையைச் சுற்றும். கண் செல்போனில் இருக்கும். அதில் கொரிய நாடகம் ஓடும். தமிழில் பேசும் நாடகம் என்றால் தொல்லை இல்லை. தமிழ் இல்லாவிட்டால், கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் பிளஸ் டூ முடித்த மகள் படித்துப் பொருள் சொல்லுவாள்.

"யாரோ எவரோ கதை நமக்கு எதற்கு என்று என் அத்தை கேட்கிறார். அது யாரோ கதை இல்லை. நம் தெருக் கதைதான்" என்கிறார் அந்த அம்மாள்.

அப்பா என்றால் அப்பாதான்

தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கொரிய நாடகம் புகுந்தது புதுயுகம் டெலிவிஷன் வழியாக. 2013-ல் தொடங்கிய அந்த டெலிவிஷன், சிறிது காலத்தில் கொரிய நாடகங்களைத் தமிழ் பேச வைத்தது. அப்பாவைக் கொரியாக்காரர்களும் "அப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மா அங்கே "ஓம்மா". இதைக் கேட்டதுமே பாதி நெருக்கம் வந்துவிட்டது.

அப்போது பலரும் பார்த்த நாடகம் "பாய்ஸ் ஓவர் பிளவர்ஸ்". சலவைக் கடைக்காரரின் மகள், கோடீசுவரன் வீட்டுப் பையன் காதல். பையனின் தாய் பணத்தோடு பெண் வீட்டுக்கு வருகிறாள். "பணத்தை வாங்கிக்கொண்டு விலகிக்கொள்ளுங்கள்" என்கிறாள். பெண்ணின் தாய் என்ன செய்தாள் தெரியுமா? உப்பை எடுத்து அவள் தலையிலே கொட்டினாள்! தீயது விலக உப்பு போடுவது கொரிய வழக்கம். உப்பும் மிளகாயும் சுற்றிப் போடும் நம் ஊர்த் தாய்மாருக்கு அதை யாரும் விளக்க வேண்டியது இல்லை.

அந்த நாடகத்தில் சின்னாளப்பட்டி அம்மாளுக்கு ஒரு கோபமும் உண்டு. கதாநாயகன் அந்தப் பெண்ணை முதலில் படாதபாடு படுத்துகிறான். பேச்சுக்குப் பேச்சு கையைப் பிடித்து இழுக்கிறான். பிறகு அதுவே காதல் ஆகிவிடுகிறது!

"கையைப் பிடித்து இழுப்பது காதலா? ஆலையில் வேலை பார்த்தவளிடம் கேட்டுப் பாருங்கள்" என்கிறார் அவர்.

அவரும் ஆலையில் வேலை பார்த்தவர்தான். 17 வயதில் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பு ஆலை விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று ஆண்டு வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்றார்கள். "சுமங்கலித் திட்டம்" என்று அதற்கு மங்களகரமான பெயர்! மேஸ்திரி கையைப் பிடித்தால் எந்தப் பெண்ணும் வெளியில் சொல்ல மாட்டாள். சொன்னால் வேலை போகும். மாப்பிள்ளையும் கிடைக்க மாட்டான். எல்லார் வாயிலும் திண்டுக்கல் பூட்டு!

அந்தப் பூட்டு இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் கொலை செய்யப்பட்டாள். அதன் பிறகு பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் போராடியது. ஆலைகளில் பெண்களுக்கு நேரும் தொல்லைகளைத் தடுக்க 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளும் அதற்குக் கட்டுப்பட்டன. "திண்டுக்கல் ஒப்பந்தம்" என்றே உலகம் அதற்குப் பெயர் சூட்டியது.

கடன் வாங்கிய 456 பேர்

2021 செப்டம்பரில் வந்தது "ஸ்குவிட் கேம்". கடனில் மூழ்கிய 456 பேர். சின்னப்பிள்ளை விளையாட்டு. தோற்றால் சாவு. ஜெயித்தால் 4,560 கோடி வொன் பரிசு. (வொன் என்பது அந்த நாட்டு நாணயம்.)

கதாநாயகன் கார் தொழிற்சாலையில் வேலை இழந்தவன். 2009-ல் சாங்யாங் மோட்டார் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தது. தொழிலாளர்கள் பெரிய போராட்டம் நடத்தினார்கள். அதை மனதில் வைத்தே இந்தப் பாத்திரத்தை உருவாக்கியதாக டைரக்டர் ஹ்வாங் டாங் ஹியூக் கூறியிருக்கிறார்.

ரத்தத்தைப் பார்க்க முடியாமல் அந்த அம்மாள் பாதி நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். ஆனால் ஓர் இடம் அவர் மனதை விட்டுப் போகவில்லை. விளையாட்டு வேண்டாம் என்று எல்லாரும் வீடு திரும்புகிறார்கள். பிறகு பெரும்பாலோர் தாங்களாகவே மறுபடியும் சாவுக்களத்துக்கு வருகிறார்கள்!

"கடன்காரன் வாசலில் வந்து நின்றிருந்தால் தெரியும், அவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள் என்று" என்கிறார் அவர். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகும் வட்டிக்காரன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கதவைச் சாத்தும் வீடுகள் உண்டு.

அந்தக் கதையில் அலி என்று ஒருவன். பாகிஸ்தானிலிருந்து பிழைக்கப் போனவன். முதலாளி அவனுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அந்த வேடத்தில் நடித்தவர் நம் இந்தியர், அனுபம் திரிபாதி. நம் நூற்பு ஆலைகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். "அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அலி நினைவுதான்" என்கிறார் அம்மாள்.

திரும்பி உட்கார்ந்த கணவன்

ஆனால் அவரை அழவைத்த நாடகம் வேறு. 2025 மார்ச்சில் வந்த "வென் லைப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்".

ஜேஜு என்பது கொரியாவின் தென்கோடித் தீவு. அங்கே பெண்கள் காற்றுக்குழாய் இல்லாமல், மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பியும் கிளிஞ்சலும் எடுப்பார்கள். அப்படிப்பட்ட ஒரு தாயின் மகள் ஏ சுன். கவிதை எழுத ஆசைப்படுகிறாள். கல்லூரிக்குப் போக முடியவில்லை. மீன்பிடிக்கும் குவான் சிக்கை மணக்கிறாள்.

புகுந்த வீட்டில் ஆண்களுக்குத் தனி மேஜை. பெண்களுக்கு மூலையில் ஒரு சின்ன மேஜை. ஒரு நாள் குவான் சிக் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆண்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான். மனைவியோடு சேர்ந்து சாப்பிட்டான். அவ்வளவுதான். அடியும் இல்லை, உதையும் இல்லை.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் வெகு நேரம் பேசவில்லையாம். பிறகு, "நம் வீட்டில் இப்படி ஓர் ஆண்பிள்ளை பிறந்தானா?" என்றாராம். தறிக்குழியில் இருந்த மகனுக்கு அது கேட்டதா என்பது தெரியவில்லை!

கொரியாவில் அந்த நாளில் குடும்பத்துக்கு ஆணே தலைவன் என்று சட்டமே இருந்தது. அரசியல் சட்டத்துக்கு அது பொருந்தாது என்று 2005-ல் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 2008-ல் அது ஒழிந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. இந்தியா முழுவதற்கும் அது வந்தது 2005-ல். சட்டத்தில் நாம்தான் முந்திக்கொண்டோம். சாப்பாட்டு இலையில்?

ஏ சுன் தன் மகளைச் சியோல் நகரில் பல்கலைக்கழகத்தில் படிக்க வைக்கிறாள். பிறகு மகளின் மேல்படிப்புக்காக வீட்டையே விற்கிறார்கள்.

படிப்பு என்று பிள்ளையைப் பிழிவதும் அந்த அம்மாளுக்குப் பிடிக்காது. "ஸ்கை கேஸில்" என்ற நாடகத்தில் பணக்காரத் தாய்மார் பிள்ளைகளை டாக்டர் படிப்பில் சேர்க்கப் படுத்தும் பாட்டைப் பார்த்து, "அது பிள்ளையா, செக்கா?" என்று கேட்டவர் அவர்.

சின்னாளப்பட்டிக்குப் பக்கத்திலேயே காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மகளை அங்கே சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. மகள் கேட்பதும் அதுதான். நத்தம் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. நல்ல இடம், நழுவவிடக் கூடாது என்கிறார் மாமியார். "படிப்புச் செலவு, கல்யாணச் செலவு இரண்டும் ஒரே தறியில் நெய்ய முடியுமா?" என்கிறார் கணவர். அவர் சொல்வதும் பொய் இல்லை.

"என் அப்பா என்னை ஆலைக்கு அனுப்பியது கல்யாணத்துக்காக. என் மகளை நான் அப்படி அனுப்ப மாட்டேன்" என்று அவர் கணவரிடம் சொல்லிவிட்டார். சீட்டு எடுத்தால் முதல் வருஷச் செலவைச் சமாளிக்கலாம் என்று கணக்கும் போட்டு வைத்திருக்கிறார்.

நத்தத்துக்காரர்களுக்கு இன்னும் பதில் போகவில்லை.