மணலுக்குள் வீடு, மேலே வலைக்கூரை

மீன் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? நீந்துகின்ற பிராணி என்பீர்கள். ஆனால் எலியைப் போல வளை தோண்டி, கொத்தனாரைப் போலக் கல் அடுக்கி, இரவானதும் வாசலை ஒரு கல்லால் அடைத்துவிட்டு உள்ளே பதுங்கிக்கொள்ளும் மீன் ஒன்று உண்டு. மஞ்சள்தலைத் தாடைமீன் என்று அதைச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ஜாஃபிஷ் என்பார்கள். விலங்கியலில் அதன் பெயர் ஒபிஸ்டோக்னாதஸ் ஆரிஃபிரான்ஸ். அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையோரத்திலும், பஹாமாத் தீவுகளிலும், கரீபியன் கடலிலும் அது வாழ்கிறது.

சுமார் 10 செ.மீ. நீளம், வெளிர்நீல உடல், இளமஞ்சள் தலை, அகன்ற கண்கள். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இதை விரும்பி வாங்குவதில் வியப்பில்லை. ஆனால் வாங்கிய சில நாள்களுக்குள் ஒரு காலையில் தொட்டியைப் பார்த்தால் மீனைக் காணோம். தேடினால் தரையில் காய்ந்து கிடக்கிறது. நோயுமில்லை, பட்டினியுமில்லை. இரவில் துள்ளி வெளியே விழுந்திருக்கிறது. ஏன் துள்ளியது? தடுத்திருக்க முடியுமா? பார்ப்போம்.

வாயே மண்வெட்டி

தாடைமீனின் உடலில் வாய்தான் பெரிது. வாய் நிறைய மணலை அள்ளிக்கொண்டு வந்து வெளியே துப்பும். மறுபடி உள்ளே போகும். இப்படியே குழி ஆழமாகும். வெறும் மணலில் தோண்டிய குழி சரிந்துவிடும் அல்லவா? ஆகவே சிறு கற்களையும் சிப்பித் துண்டுகளையும் பவளத் துணுக்குகளையும் பொறுக்கி வந்து வாசலைச் சுற்றிப் பொருத்தி அடுக்குகிறது. மணற்பாங்கான இடத்தில் கிணறு தோண்டுகிறவர்கள் சரிவைத் தடுக்கச் சுடுமண் உறைகளை இறக்குவார்கள். அரிக்கமேட்டிலும் கீழடியிலும் அகழ்வாய்வில் அத்தகைய உறைக்கிணறுகள் கிடைத்திருக்கின்றன. அதே தத்துவம்தான் இங்கேயும். 

பகலில் இந்த மீன் தன் வளைக்குச் சற்று மேலே, தலை மேலாகவும் வால் கீழாகவும் நின்றபடி மிதந்து வரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னும். ஆபத்து என்றால் வால் முதலில் போகும்படி வளைக்குள் சறுக்கிவிடும். ஆண்மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிறது. குஞ்சுகள் வெளிவர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆகவே வளை என்பது இதற்கு விளையாட்டல்ல. வீடும் கோட்டையும் தொட்டில் அறையும் அதுவே.

ஏன் துள்ளுகிறது?

பெரும்பாலான எலும்பு மீன்களின் பின்மூளையில் ஓர் இணைப் பெரிய நரம்புச் செல்கள் இருக்கின்றன. 1859-இல் லுட்விக் மௌத்னர் இவற்றை விவரித்ததால் மௌத்னர் செல்கள் என்று பெயர். ஒரு பக்கத்தில் திடீர் அதிர்வு ஏற்பட்டால் அந்தப் பக்கத்துச் செல் எதிர்ப்பக்கத் தசைகளை ஒரே நொடிப்பில் சுருக்குகிறது. உடல் பிறைபோல் வளைந்து, வில்லிலிருந்து விடுபட்ட அம்புபோல் மீன் பாய்கிறது. யோசித்துச் செய்வதல்ல இது. சூடான பாத்திரத்தில் கை பட்டதும் நாம் கையை இழுத்துக்கொள்வது போன்ற ஓர் அனிச்சைச் செயல்.

கடலில் இந்தப் பாய்ச்சல் உயிரைக் காக்கிறது. நீர்மட்டத்தைத் தாண்டினாலும் விழுவது மீண்டும் கடலில்தான். தொட்டியிலோ நான்கு பக்கமும் விளிம்பு. வெளியே விழுந்த மீனின் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பரப்பு குறைந்துவிடுவதால், சுற்றிலும் ஆக்சிஜன் நிறைந்த காற்று இருந்தும் அது மூச்சுமுட்டி இறக்கிறது.

வளை இல்லாத மீன், வளை சரிந்துபோன மீன், பெரிய மீன்களால் துரத்தப்படும் மீன், திடீரென்று விளக்கு அணைந்ததால் மிரண்ட மீன் ஆகியவையே அதிகம் துள்ளுகின்றன. பதுங்க இடம் இருந்தால் கீழே போகும். இல்லாவிட்டால் மேலே போகும். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

துள்ளலுக்கு ஒரு கணக்கு

இயற்பியல் பாடத்தில் படித்த சமன்பாடு இங்கே உதவும். மேல்நோக்கி எறியப்பட்ட பொருள் எட்டும் உயரம், வேகத்தின் வர்க்கத்தை 2g ஆல் வகுத்தால் கிடைக்கும். 10 செ.மீ. மீன் ஒன்று விநாடிக்குத் தன் நீளத்தைப் போல் 10 மடங்கு பாய்கிறது என்று கொள்வோம். அது விநாடிக்கு 1 மீட்டர். 1-ஐ 19.6 ஆல் வகுத்தால் சுமார் 5 செ.மீ. உயரம். வேகம் இரு மடங்கானால்? உயரம் நான்கு மடங்காகிறது: 20 செ.மீ. ஆகவே "தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் போதும்" என்று எண்ணுவது தவறு. மூடி வேண்டும்.

எப்படிப்பட்ட மூடி?

கண்ணாடிப் பலகையால் மூடலாம். ஆனால் காற்றோட்டம் குறையும். விளக்கின் வெப்பம் உள்ளேயே தங்கும். குழாயும் மின்கம்பியும் நுழைய மூலையில் விட்ட இடைவெளி வழியாகவும் மீன் வெளியேறிவிடும். சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலையே நல்லது. கண்ணி 6 மி.மீ. அளவுக்குள் இருக்கட்டும். இரும்பு வலை உப்புநீரில் துருப்பிடிக்கும். செம்பு, பித்தளை வலைகள் கூடவே கூடாது. கரையும் செம்பு இறால்களுக்கும் பவள உயிர்களுக்கும் நஞ்சு. மூலைகளில் விரல் நுழையும் சந்து இருந்தால் அதையும் அடைத்துவிட வேண்டும்.

வலை வழியே நீர் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 100 லிட்டர் நீரில் மொத்தம் 3500 கிராம் உப்பு இருக்கிறது. 5 லிட்டர் ஆவியானால் மீதி 95 லிட்டரில் அதே 3500 கிராம். அதாவது லிட்டருக்குச் சுமார் 36.8 கிராம். ஆகவே குறைந்த அளவுக்குத் தூய நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். மீண்டும் உப்புநீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

தரை எப்படி இருக்க வேண்டும்?

தாடைமீனுக்கு மணல் 12 முதல் 15 செ.மீ. ஆழமாவது வேண்டும். எல்லாம் ஒரே நைஸ் மணலாக இருந்தால் வளை நிற்காது. மணலோடு பரல், சிப்பித் துண்டு, நகமளவு கல் எல்லாம் கலந்திருக்க வேண்டும். கடற்கரைக்குப் போய்ப் பவளத் துண்டுகளைப் பொறுக்கி வரலாமே என்று எண்ணாதீர்கள். இந்தியாவில் கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை. அவற்றைச் சேகரிப்பது சட்டவிரோதம்.

எடையையும் மறக்கக் கூடாது. 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 15 செ.மீ. மணல் என்றால் 40.5 லிட்டர். ஒரு லிட்டர் உலர்ந்த மணல் ஏறக்குறைய 1.5 கிலோ என்று கொண்டால் 60 கிலோவுக்கு மேல்! மேசை தாங்குமா? தாங்காது என்றால் ஒரு மூலையில் மட்டும் 20 செ.மீ. சதுரத் தடுப்பு அமைத்து அதில் ஆழமாக நிரப்பலாம். அதற்கு 9 கிலோ மணல் போதும்.

அடுத்து, பாறை. மணலைப் பரப்பிய பிறகு அதன்மேல் பாறையை வைப்பதுதான் பலரும் செய்யும் பெரும் பிழை. மீன் அடியில் தோண்டத் தோண்டப் பாறை சாய்ந்து மீனையே நசுக்கிவிடும். சில சமயம் கண்ணாடியும் உடையும். முதலில் பாறையைத் தொட்டியின் அடித்தளத்தில் ஆடாமல் நிறுத்த வேண்டும். பிறகே மணலைச் சுற்றிலும் கொட்ட வேண்டும். அஸ்திவாரம் போட்டுச் சுவர் எழுப்புவது போல.

முதல் இரவுகள்

புதிதாக வந்த மீனுக்கு வீடில்லை. எனவே முதல் சில இரவுகளே மிக ஆபத்தானவை. மணலில் ஒரு குழாய்த் துண்டைச் சாய்வாகப் புதைத்து வைத்தால் தற்காலிக வீடாகும். பெரிய விளக்கை அணைத்த பின்னும் மங்கலான வெளிச்சம் சிறிது நேரம் இருக்கட்டும். தொட்டியைத் தட்டாதீர்கள். கூட்டாளிகள் அமைதியான சிறு மீன்களாக இருக்க வேண்டும். நீரின் வெப்பம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை நிலையாக இருப்பது நல்லது.

வளைவாழ் மீன்கள் எவ்வளவு கூச்சம் உள்ளவை என்பதற்கு டோக்கியோவின் சுமிடா காட்சியகத்தில் நடந்ததே சான்று. அங்கே சுமார் 300 தோட்ட விலாங்குகள் மணலில் வால் புதைத்து, தலை நீட்டி வாழ்கின்றன. 2020-இல் கொரோனாத் தொற்றால் காட்சியகம் மூடப்பட்டது. மனித முகமே காணாத விலாங்குகள், பராமரிப்பாளர்களைக் கண்டதும் மணலுக்குள் ஒளியத் தொடங்கின. உடல்நலத்தைப் பார்க்கவும் வழியில்லை. ஆகவே அந்த ஆண்டு மே மாதம் 3 முதல் 5 வரை, தொட்டியின் முன் கைக்கணினிகளை வைத்து, காணொளி அழைப்பில் முகம் காட்டும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள்!

நீங்களே செய்து பாருங்கள்

மீன் வாங்காமலே இதைச் சோதிக்கலாம். இரண்டு கண்ணாடிப் பாத்திரங்கள் எடுங்கள். ஒன்றில் சலித்த மணல். மற்றொன்றில் மணல், பரல், சிப்பித் துண்டு கலந்த கலவை. இரண்டிலும் நீர் ஊற்றி, தேக்கரண்டியால் மெல்லக் குழி தோண்டுங்கள். சலித்த மணல் எத்தனை ஆழத்தில் சரிகிறது? கலவைக் குழியின் வாசலில் சிறு கற்களை ஒன்றையொன்று கவ்வும்படி வட்டமாக அடுக்கிய பின் எத்தனை ஆழம் போக முடிகிறது? அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரு கையும் பத்து விரலும் உள்ள நமக்கே பொறுமை வேண்டியிருக்கிறது. வாய் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மீன் கட்டிய வீட்டைக் காப்பதும், மேலே ஒரு வலையை விரிப்பதும் அதை வளர்க்க விரும்புகிறவரின் கடமை. இரண்டையும் செய்ய முடியாதென்றால், கடலிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுவதே அந்த மீனுக்குச் செய்யும் உதவி.