எத்தனை வாட் என்பதல்ல கேள்வி

கோலா குபு பாருவிலிருந்து ஃபிரேசர் மலைக்கு ஏறும் சாலை சைக்கிளோட்டிகளுக்குப் பிடித்தமானது. முட்டி வலி வந்த பிறகும் அந்த ஆசை விடுவதில்லை. வானொலியில் பேசுகிறவன் என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள்: “பழைய சைக்கிளுக்கு மோட்டார் வைக்கலாமா தம்பி? எத்தனை வாட்?”

தாராளமாக வைக்கலாம். ஐரோப்பாவில் மின் சைக்கிளுக்கு வரம்பே 250 வாட்தான். அதை வைத்தே அங்கு மலையேறுகிறார்கள். மோட்டார் எங்கே உட்காருகிறது என்பதுதான் முக்கியம்.

கோல சிலாங்கூர் பக்கத்துச் சமதளச் சாலைகளுக்குச் சக்கரத்தின் நடுவே அமரும் ஹப் மோட்டார் போதும். விலையும் குறைவு. நீண்ட ஏற்றத்தில் அது மெதுவாகச் சுழன்று சூடேறிவிடும். மலைக்குப் பெடல் அச்சில் பொருத்தும் மோட்டாரே சரி. சைக்கிளின் கியர் அதற்கும் கைகொடுக்கும்.

36 வோல்ட், 10 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 360 வாட் மணி. ஆளும் சைக்கிளுமாக 100 கிலோவை 1,000 மீட்டர் உயர்த்தவே 272 வாட் மணி தேவை. மோட்டாரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரி ஏறக்குறைய காலி. ஆகவே, நாமும் மிதிக்க வேண்டும்.

ஹப் மோட்டார் என்றால், அதன் அச்சு திரும்பாமல் பிடிக்கும் இரும்புத் தகட்டைக் கேட்டு வாங்குங்கள். அலுமினிய முன்ஃபோர்க்கில் மாட்டாதீர்கள், விரிசல் விடலாம். பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் கைப்பிடியும் அவசியம்.

ஏற்றிவிட மோட்டார் உண்டு. இறங்கும்போது பிரேக் மட்டும்தான். முதல் செலவு அதற்கே ஆகட்டும்.