பம்பை மாற்றும் முன் முள்ளைப் பாருங்கள்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதியில், வாகரையைத் தாண்டி வெருகலுக்கு முன் வருவது கதிரவெளி. அந்த வீதியில் ஒரு கார் இழுவை குறைந்து, மிதிக்க மிதிக்கத் திணறினால் முதலில் விழும் தீர்ப்பு பெரும்பாலும் ‘பெற்றோல் பம்ப் போயிற்று’ என்பதுதான். பம்ப் உண்மையிலேயே போயிருக்கலாம். ஆனால் அடைபட்ட பில்டரும், அமுக்கத்தைத் தாங்காத ரெகுலேற்றரும், பூஞ்சை பிடித்த ஒரு வயர் முனையும் இதே திணறலைத் தரும். காதாலும் கண்ணாலும் இவற்றைப் பிரித்தறிய முடியாது. அமுக்கத்தை அளந்தால் முடியும். அளக்காமல் பம்புக்குக் காசு கொடுக்கக் கூடாது என்பதே என் கட்சி.

அவசரத் தீர்ப்பின் வேர் கார்பரேற்றர் காலத்தில் இருக்கிறது. கார்பரேற்றருக்குச் சில பி.எஸ்.ஐ. அமுக்கமே போதும். குழாயைக் கழற்றி, போத்தலுக்குள் பெற்றோல் விழுகிறதா என்று பார்த்தால் சோதனை முடிந்தது. இன்ஜெக்டர் உள்ள இன்றைய சிறிய பெற்றோல் கார்களில் பலவற்றுக்கு 3 பார் அளவில், அதாவது 43, 44 பி.எஸ்.ஐ. வேண்டும்; சரியான எண் அந்தந்த மொடலின் கையேட்டில் இருக்கும். கழற்றிய குழாயில் எதிர்ப்பே இல்லாததால் தேய்ந்த பம்பும் தாராளமாகக் கொட்டும். 3 பாருக்கு எதிராக அதனால் தள்ள முடியுமா என்பதே கேள்வி. இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெக்கன் திறப்பது என்று காரின் கம்பியூட்டர் கணக்குப் போடுவது, பின்னால் அந்த அமுக்கம் இருக்கிறது என்று நம்பித்தான். அமுக்கம் பாதியானால், அதே நேரத்தில் பீச்சும் பெற்றோல் ஏறக்குறைய 30 வீதம் குறைந்துவிடும். திணறல் அங்கே தொடங்குகிறது.

பெற்றோல் அமுக்கத்தை அளக்கும் கேஜைப் பொருத்திவிட்டு, இஞ்சினைக் கிளப்பாமல் சாவியை ‘ஒன்’ வரை மட்டும் திருப்ப வேண்டும். பெரும்பாலான கார்களில் பின் சீற்றுப் பக்கம் பம்ப் இரண்டு செக்கன் முனகி அடங்கும். முள் துள்ளி எழுந்து, கையேடு சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரே தரத்தில் எழாவிட்டால் சாவியை இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்க்கலாம். பிறகு கண்ணை எடுக்காமல் பார்த்திருக்க வேண்டும். பம்ப் நின்ற பிறகு முள் மடமடவென்று விழுந்தால் எங்கோ அமுக்கம் ஒழுகுகிறது. காலையில் நெடுநேரம் சுற்றினால்தான் கிளம்பும் கார்களுக்கு இது வழக்கமான காரணங்களில் ஒன்று. திரும்பு குழாய் இல்லாத காரென்றால், கேஜோடு வரும் வால்வால் தாங்கிப் பக்கத்தை அடைத்துப் பார்க்கலாம். அப்போது முள் அசையாமல் நின்றால் ஒழுக்கு தாங்கிப் பக்கம்; அப்போதும் விழுந்தால் இன்ஜெக்டர் பக்கம்.

ஐடிலில் முள் சரியாக நிற்கிறதே என்று திருப்திப்பட்டு விடுவது அடுத்த பிழை. சிறிய இஞ்சின் ஐடிலில் மணிக்கு ஒரு லீற்றர்கூடக் குடிக்காது. பாதி அடைபட்ட பில்டரும் அதற்கு ஈடுகொடுக்கும். பாரத்தில்தான் குட்டு வெளிப்படும். ஆகவே கேஜை முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் ரேப்பால் ஒட்டி, இன்னொருவரை முள்ளைப் பார்க்கச் சொல்லி, வெறிச்சோடிய நேர்வீதியில் அழுத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். பெற்றோல் நிறைந்த குழாயைக் காருக்குள் கொண்டுவரவே கூடாது.

ஓட்டத்தில் முள் விழுந்தாலும் பம்ப்தான் குற்றவாளி என்று ஆகிவிடாது. பம்ப் ஓடும்போது பற்றரியில் 14 வோல்ற் இருந்து, பம்பின் கொனெக்ரரில் 11 மட்டும் வந்தால், நல்ல பம்பும் நோஞ்சானாகத்தான் சுற்றும். உப்புக்காற்று வீசும் கரையோரத்தில் வயர் முனைகளும் எர்த் இணைப்பும் அரிப்பது புதுமையல்ல. ‘புதுப் பம்ப் போட்டதும் சரியாயிற்றே’ என்று கேட்கலாம். பழைய கொனெக்ரரைக் கழற்றி மாட்டும்போதே அதன் பூஞ்சை உரசிப் போய், சில மாதங்களுக்கு மின்சாரம் ஒழுங்காகப் பாயும். பிறகு அதே திணறல் திரும்பி வரும். அப்போது புதுப் பம்ப் மட்டமான சாமான் என்று பழி விழும்.

ஸ்கானர் இருக்கும்போது கேஜ் எதற்கு என்பது நியாயமான கேள்வி. பி0171 என்ற கோட் வந்தால், காற்றோடு ஒப்பிடப் பெற்றோல் குறைவு என்றுதான் பொருள். காற்றுக் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தாலும் அதே கோட் வரும். இந்த வகைக் கார்கள் பலவற்றில் பெற்றோல் அமுக்கத்தை உணரும் சென்சரே கிடையாது. இல்லாததை ஸ்கானர் வாசிக்காது. கேஜ் மாட்ட இடமில்லாத கார்களும் உண்டு என்பது மெய்தான். அவற்றுக்குக் குழாய்க்கு நடுவே பொருத்தும் ‘ரீ’ இணைப்பு இருக்கிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தனியார் கார் இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் பழைய கார்களே ஓடித் தேய்ந்தன. 2022 ஜூலையில் பெற்றோலைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். தாங்கிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது அதனூடாக ஓடும் பெற்றோலே; தாங்கி வற்றிப் பம்ப் காற்றை இழுத்தால் சூடேறித் தேயும். கானில் சேர்த்து வைத்த பெற்றோலோடு துருவும் தண்ணீரும் உள்ளே போனால் முதலில் அடைவது பில்டர். இரண்டுக்கும் வெளியில் தெரியும் அடையாளம் ஒன்று, செலவோ மலைக்கும் மடுவுக்கும்.

கேஜ் மாட்டுமுன் பம்பின் பியூசைக் கழற்றி, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, இணைப்பைத் துணியால் சுற்றித் தளர்த்த வேண்டும். பக்கத்தில் சூடான சைலன்சரோ பீடியோ இருக்கக் கூடாது. டீசல் கொமன் ரெயில் இஞ்சினில் இந்த வேலையே வேண்டாம். அங்கே அமுக்கம் 1,600 பாரையும் தாண்டும். மயிரிழைக் கசிவும் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். கையில் சிறு புள்ளியாகத்தான் தெரியும், அவ்வளவாக வலிக்கவும் வலிக்காது. ஆனாலும் அந்தக் கணமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.