ஆட்டுப்பால் தயிர் ஏன் வழிகிறது?

சென்ற பள்ளி விடுமுறையில் இரண்டு கிண்ணங்களில் தயிருக்கு உறை ஊற்றினேன். ஒன்றில் மாட்டுப்பால், மற்றதில் ஆட்டுப்பால். மறுநாள் காலை மாட்டுப்பால் தயிர் கரண்டியில் கட்டியாக நின்றது. ஆட்டுப்பால் தயிரோ கூழ்போல வழிந்தது. மேலே நீரும் தேங்கியிருந்தது. “உனக்குக் கைப்பக்குவம் போதாது” என்றார் அம்மா. உண்மைக் காரணம் புரதத்தில் இருக்கிறது.

குளுவாங்கில் உள்ள யூ.கே. பண்ணைக்குச் சென்ற மாணவர்கள் ஆட்டுப்பாலைச் சுவைத்திருப்பீர்கள். அந்தப் பாலைக் கெட்டித் தயிராக்குவது எளிதல்ல.

மாட்டுப்பால் புரதத்தில் சுமார் 80 விழுக்காடு கேசீன். கேசீன் மூலக்கூறுகள் திரண்டு, ஏறத்தாழ 150 நானோமீட்டர் அளவுள்ள சிறு உருண்டைகளாகப் பாலில் மிதக்கின்றன. உறை மோரிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்க, பி.எச். அளவு 4.6-ஐ நெருங்கும்போது இவை ஒன்றோடொன்று ஒட்டி வலையாகின்றன. அந்த வலைக்குள் நீர் சிக்குவதே தயிர். ஆட்டுப்பாலில் ஆல்பா எஸ்1 என்ற வகைக் கேசீன் பொதுவாகக் குறைவு. அதனால் வலை தளர்வாகிறது, நீர் கசிகிறது.

முடிச்சுப் போடும் நொதி

வலையை இறுக்க ஒரு நொதி உண்டு. அதன் பெயர் டிரான்ஸ்குளுட்டமினேஸ். ஒரு புரதத்திலுள்ள குளுட்டமினையும் இன்னொன்றிலுள்ள லைசினையும் அது இணைக்கும். அப்போது சிறிது அம்மோனியா வெளியேறும். அமிலம் ஏற்படுத்தும் ஒட்டுதலைவிட இந்தச் சகப்பிணைப்பு வலுவானது. நம் உடலிலும் இக்குடும்ப நொதி ஒன்று இருக்கிறது. காயத்தில் இரத்தம் உறையும்போது ஃபைப்ரின் இழைகளை முடிச்சிடும் காரணி 13 அதுதான்.

முன்பு இந்நொதியைக் கினிப்பன்றியின் ஈரலிலிருந்து எடுத்தார்கள். 1989-இல் ஜப்பானின் அஜினோமோட்டோ, அமானோ நிறுவனங்களின் ஆய்வாளர்கள் இதைத் தரும் ஒரு நுண்ணுயிரியைக் கண்டறிந்தனர். பிறகு இது உணவுத் தொழிலுக்கு மலிவாகக் கிடைத்தது.

ஆனால், நொதி அளவுக்கு மீறி வேலை செய்தால் தயிரின் தன்மை கெடும். சரியான நேரத்தில் நிறுத்தவேண்டும். பெரிய கொப்பரையில் அதற்குப் பாலைச் சுமார் 80 பாகை செல்சியசுக்குச் சூடாக்குவார்கள். கலந்த நொதி அதோடு வீணாகிவிடும்.

முடியளவுக் குழாய்

இங்கேதான் நுண்வினைகலன் உதவலாம். 0.1 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயின் சுவரில் நொதியை ஒட்டவைத்து, அதன் வழியே பாலைச் செலுத்த வேண்டும். பால் வெளியேறியதும் வினை நின்றுவிடும். நொதி சுவரிலேயே தங்கி அடுத்த பாலுக்கும் உழைக்கும்.

குழாய் ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கவேண்டும்? ஒரு மூலக்கூறு பரவ ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1 சென்டிமீட்டர் குழாயை 0.1 மில்லிமீட்டராகக் குறைத்தால் தூரம் 100 மடங்கு குறைகிறது. எனவே புரதம் சுவரை அடையும் நேரம் 10,000 மடங்கு குறையும்!

சிக்கல்களும் உண்டு. நாளடைவில் சுவரில் புரதம் படிந்து குழாய் அடைபடும். மேலும், ஒரு குழாயில் மணிக்கு 1 மில்லிலிட்டர் பால் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 1 லிட்டர் வேண்டுமானால் 1,000 குழாய்களை அடுக்கவேண்டும். ஒரு கிண்ணத் தயிரின் விலை என்னவாகும்? இக்கேள்விக்கு நல்ல விடை கண்டால், சிறு ஆட்டுப்பண்ணைகளின் பாலும் கெட்டித் தயிராகிக் கடைக்கு வரும்.

நீங்களே செய்யுங்கள்

காய்ச்சி ஆறிய ஆட்டுப்பாலை இரு கிண்ணங்களில் சம அளவு ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி பால் மாவைக் கலந்து, இரண்டிலும் உறை ஊற்றுங்கள். மறுநாள் கசிந்த நீரை அளவு உருளையில் அளந்து ஒப்பிடுங்கள். புரதம் கூடினால் வலை எப்படி மாறுகிறது என்பது உங்களுக்கே தெரியும்.