முப்பத்தைந்துக்குப் பின் தாய்மை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முடிந்து வெளிவரும் பெண்களுள், தம்பி தங்கையரின் படிப்பையும் வீட்டுக் கடனையும் தம் சம்பளத்தால் கரையேற்றிவிட்டு, அதன் பின்னரே விவாகத்தையும் மகப்பேற்றையும் எண்ணத் தொடங்கியவர்கள் உண்டு. இத்தனை காலம் ஏன் தாமதித்தாய் என்று அவர்களைக் கேட்பது அநியாயம். ஆயினும் குடும்பத்துக்காகச் செய்த தியாகத்தைக் கருதிச் சரீரம் தன் நியதியைத் தளர்த்திக்கொள்வதில்லை என்பதையும் அன்போடு சொல்லியாக வேண்டும்.

பெண்ணுடன் பிறந்த கருமுட்டைகளுக்கும் அவளோடு வயதாகிறது. முதிர்ந்த முட்டையில் குரோமோசோம்கள் சரிவரப் பிரியாமற்போவதால், டவுன் சின்ட்ரோம் உள்ள சிசு பிறக்கும் வாய்ப்பு தாயின் 35ஆம் வயதில் சுமார் 350இல் ஒன்றாகவும், 40இல் சுமார் 100இல் ஒன்றாகவும் உயர்கிறது, கருச்சிதைவும் பெருகுகிறது. அந்த நூற்றில் ஏறக்குறைய 99 குழந்தைகள் அக்குறையின்றியே பிறக்கின்றன என்பதையும் உடனே சொல்ல வேண்டும், வீண் பீதியால் பயனில்லை.

தாய்க்கு வரும் அபாயங்களில் பிரதானமானவை இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும். இரண்டும் ஆரம்பத்தில் நோவு தராமல் வருவதால், பரிசோதித்தாலன்றித் தெரியா. வெறும் வயிற்றோடு மீண்டும் வரச் சொன்னால் பல கர்ப்பிணிகள் வராமலே நின்றுவிடுகிறார்கள் என்பதைக் கருதி, சென்னை மருத்துவர் வி. சேஷையா, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைப் பார்க்கும் எளிய முறையை வலியுறுத்தினார்; சர்க்கரை 140ஐ எட்டினால் சிகிச்சை அவசியம். ஏழைப் பெண்ணின் சௌகரியத்தை முன்னிட்டு வைத்தியம் இறங்கிவந்த இந்தச் செயலை நான் மிகவும் போற்றுகிறேன்.

நாள் தள்ளிப்போனவுடன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். தீராத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் ஆகியவற்றுள் எது கண்டாலும் ஷிஃப்ட் முடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

தொழிற்சாலை நிர்வாகிகளிடமும் ஒரு விண்ணப்பம். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் முதலிரு பிரசவங்களுக்கு 26 வார விடுப்பு கிடைக்கிறது. ஆனால் ஆபத்தைக் கண்டறிய வேண்டிய காலம் அதற்கும் முந்தையது. அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கென ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் நடைபெறும் இலவசப் பரிசோதனைக்கு, ஒப்பந்தத் தொழிலாளியாயினும், சம்பளம் பிடிக்காமல் அவர்களை அனுப்பி வையுங்கள்.