உருகு கம்பி எதற்குக் காவல்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில், ஒரு சிற்றூரில் என் உறவினர் ஒருவர் வாழ்கிறார். மழை அரிதான கரிசல் பூமி. கோடையில் மாடித் தொட்டியின் குழாயைத் திறந்தாலே வெந்நீர் கொட்டும். ஆயினும் மார்கழி விடியற்காலையில் அங்கும் குளிர் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், பட்டணத்தில் வேலை பார்க்கும் அவர் மகன் தாயாருக்காக 3000 வாட் கெய்சர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுச் சென்றார். மறுநாளே பியூஸ் போயிற்று. புதிதாகக் கட்டினார்கள், மீண்டும் போயிற்று. மூன்றாம் முறை, கைத்திறன் மிக்க அண்டை வீட்டார் ஒருவர் பழைய ஒயரை உரித்து, ஐந்தாறு இழைகளை ஒன்றாக முறுக்கிப் பியூஸ் கட்டையில் கட்டிவிட்டார். அதன்பின் பியூஸ் போகவே இல்லை. எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். ஒரு வாரம் கழித்துச் சுவரோரமாக ஓடிய மரச்சட்டத்திலிருந்து புகை கிளம்பிற்று. பகற்பொழுதாக இருந்தமையால் உடனே மெயினை அணைத்தார்கள்.

இதில் கெய்சர்மீது குற்றமில்லை. முதலில் போன பியூஸ்மீதும் குற்றமில்லை. அது தன் கடமையைத்தான் செய்தது. உருகு கம்பி கருவியைக் காப்பதற்காக வைக்கப்பட்டது என்று படித்தவர்களும் எண்ணுகிறார்கள். அது முதலில் காப்பது சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஒயரை.

கணக்கைப் பார்ப்போம். 3000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 13 ஆம்பியர் வரும். அவ்வீட்டில் இருந்ததோ விளக்குகளுக்காக என்றோ இழுத்த 1 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர். அதற்கு 5 ஆம்பியர் பியூஸ். இத்தகைய ஒயரில் மீட்டருக்குச் சுமார் 0.018 ஓம் தடை உண்டு. கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 5 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு அரை வாட்டுக்கும் குறைவான வெப்பம். 13 ஆம்பியர் ஓடினால் 3 வாட். ஓட்டம் இரண்டரை மடங்கு ஆயிற்று. வெப்பமோ ஏறக்குறைய ஏழு மடங்கு! மேலே போர்த்திய பி.வி.சி. உறை 70 பாகை செல்சியஸ் வரைதான் நெடுநாள் தாங்கும். அதற்கு மேல் அது இளகும், கருகும்.

ஆகவே முறை இதுதான். கருவி இழுக்கும் ஓட்டத்துக்குப் பியூஸ் குறையக் கூடாது. ஒயர் தாங்கும் ஓட்டத்தைப் பியூஸ் மிஞ்சக் கூடாது. அண்டை வீட்டார் முதற்பாதியை மட்டும் அறிந்திருந்தார். குழாய்க்குள் செல்லும் செப்பு ஒயர், சுற்றுப்புறம் 40 பாகையாக இருக்கையில், 1 சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 11 ஆம்பியரும், 2.5-க்கு 18-ம், 4-க்கு 24-ம் தாங்கும். 13 ஆம்பியர் கெய்சர், 16 ஆம்பியர் காவல், 2.5 ஒயர் என்றால் ஏட்டளவில் எல்லாம் சரியாகத் தோன்றும்.

ஏட்டளவில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அண்டையிலுள்ள கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது. அதற்கு உணவளிக்கும் அதே வெயில்தான் நம் மொட்டை மாடியிலும் காய்கிறது. தளத்துக்குள் பதித்த குழாயில் 50 பாகை இருப்பதாகக் கொள்வோம். 70-ஐ எட்ட முன்பு 30 பாகை இடம் இருந்தது. இப்போது 20 மட்டுமே. வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கே அனுமதி. ஓட்டத்தில் அதன் வர்க்கமூலம். ஆக 18 ஆம்பியர் ஒயர் 15-க்கும் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. 16 ஆம்பியர் காவல் இப்போது ஒயரை மிஞ்சிவிட்டது! கெய்சர் குளிர்காலத்தில்தானே ஓடும் என்று கேட்கலாம். அதே இணைப்பில் சித்திரை மாதத்தில் சலவைப் பெட்டியும் வேறொன்றும் சேர்ந்து ஓடாதென்று யார் உறுதி சொல்வார்? இந்த நாட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டரே தகும் என்பது என் துணிபு. இங்கிலாந்தில் குழாயில் ஓடும்போதே நீரைச் சூடாக்கும் 8500 வாட் மின்பொழிவான்கள் உண்டு. அவை 37 ஆம்பியர் இழுப்பதால், 40 ஆம்பியர் காவலும் பெரும்பாலும் 10 சதுர மில்லிமீட்டர் தனி ஒயரும் இடுகிறார்கள். அது குளிர்நாடு, நமக்கு அவ்வளவு வேண்டாம்.

கம்பி கட்டும் பழைய பியூஸ், குறித்த அளவைப் போல் ஏறக்குறைய இருமடங்கு ஓடினால்தான் விரைந்து உருகும். எம்.சி.பி. என்னும் தானியங்கி விசை அப்படியன்று. 16 ஆம்பியர் விசை 23 ஆம்பியரில் ஒரு மணிக்குள் விழுந்தாக வேண்டும். அதில் இழை முறுக்கவும் இயலாது.

இனி, வறண்ட நாட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று. கெய்சரின் உள்ளே கசிவு ஏற்பட்டு உலோக உடலில் மின்சாரம் ஏறினால், அது எர்த் கம்பி வழியே மண்ணுக்குள் பாய வேண்டும். காய்ந்த மண்ணில் எர்த்தின் தடை 20 ஓம் என்று வையுங்கள். 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் காவல் அதைக் கண்டு அசையவே அசையாது. கெய்சரின் உடலும் ஈரக் குழாயும் மின்னேறியபடியே காத்திருக்கும். ஒயரைக் காப்பது வேறு, ஆளைக் காப்பது வேறு. ஆளைக் காக்க, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. வேண்டும். ஓர் ஆம்பியரில் முப்பத்து மூன்றில் ஒரு பங்கு!

என் உறவினர் வீட்டில் இப்போது கெய்சருக்கென்று தனி ஒயர், தனி எம்.சி.பி., ஈ.எல்.சி.பி. எல்லாம் இருக்கின்றன. எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டிருக்கிறார்கள். கோடை முழுவதும் வாரந்தோறும் அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். தண்ணீருக்கு எங்கே போவது என்று அந்த அம்மாள் சிரித்தார்கள். கொல்லைக் கிணற்றில் யாரும் குடிக்காத உவர்நீர் கிடக்கிறது. எர்த்துக்கு நல்ல தண்ணீரைவிட அதுவே மேல் என்றேன்.