ரோட்டரியில் சந்தாவும் வருகையும்

ரோட்டரி சங்கத்தில் உறுப்பினராக இருப்பவருக்கு மூன்று கடமைகள் உண்டு. சந்தா கட்ட வேண்டும். கூட்டத்துக்கு வர வேண்டும். சங்கம் எடுத்துச் செய்யும் சேவைத் திட்டங்களில் கைகொடுக்க வேண்டும். மூன்றும் சங்கத்தின் அமைப்பு விதிகளில் எழுதப்பட்டவை. இவற்றில் பணத்தைப் பற்றிய பேச்சுதான் வெளியில் அதிகம் கேட்கிறது. 'வசதி உள்ளவர்கள் சேரும் இடம்' என்ற எண்ணமும் அதனால்தான் நிலைத்துவிட்டது. ஆனால் ரோட்டரியின் நூற்றாண்டு வரலாற்றில் பெரிதும் வாதிடப்பட்டதும் பலமுறை திருத்தப்பட்டதும் வருகை விதிதான்.

அந்த விதியின் வேர் சங்கம் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரின் டியர்பார்ன் தெருவில், யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் எண் அறையில் நான்கு பேர் கூடினார்கள். பால் ஹாரிஸ் வழக்கறிஞர். சில்வெஸ்டர் ஷீலே நிலக்கரி வியாபாரி. கஸ்டாவஸ் லோயர் சுரங்கப் பொறியாளர். ஹைரம் ஷோரி தையல் தொழில் செய்தவர். சிற்றூரில் வளர்ந்து பெருநகரத்தில் தொழில் நடத்த வந்த ஹாரிஸுக்கு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், மனம்விட்டுப் பேச நண்பர்கள் இல்லை. முறைவைத்து ஒவ்வொருவர் அலுவலகத்திலும் சுற்றிச் சுற்றிக் கூடியதால் 'ரோட்டரி' என்ற பெயர் வந்தது. தொடக்கத்தில் சந்தா என்று எதுவும் வாங்கவில்லை. சொல்லாமல் கூட்டத்துக்கு வராதவர்களிடம் வாங்கிய அபராதத்தில்தான் செலவு ஓடியது. வராமல் இருந்ததற்குப் பணம் கட்டிய காலம் அது. தவறாமல் வந்தவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்பது அன்றைய இன்னொரு விதி. ஒரு பல் மருத்துவர், ஓர் அச்சக உரிமையாளர், ஒரு வங்கி அதிகாரி என்று வகைக்கு ஒருவராகச் சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்த பல் மருத்துவர் கூட்டத்துக்கு வராமலே இருந்தால், வர விரும்பும் இன்னொரு பல் மருத்துவருக்கும் வழி அடைபட்டுப் போகும். இடத்தைப் பிடித்துக்கொண்டு வராமல் இருப்பது மற்றவருக்குச் செய்யும் கேடு என்ற எண்ணம் இப்படித்தான் வேரூன்றியது. 2001-ல் இந்தத் தொழில்வகை விதி தளர்ந்து, ஒரே தொழிலிலிருந்து ஐந்து பேர் வரையிலும், பெரிய சங்கமானால் பத்து சதவீதம் வரையிலும் சேரலாம் என்றானது. வருகையின் மீதான கண்டிப்பு அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

இந்த விதிகளோடுதான் ரோட்டரி கல்கத்தா வழியாக இந்தியாவுக்கு வந்தது. அங்குள்ள சங்கத்துக்கு 1920-ல் சாசனம், அதாவது ரோட்டரியின் உலக அமைப்பு தரும் அங்கீகாரம், கிடைத்தது. சென்னையிலும் கொழும்பிலும் 1929-ல் சங்கங்கள் தொடங்கின. சங்கம் இப்படிப் பரவினாலும், பெண்கள் உறுப்பினராக வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் பெண்களைச் சேர்த்ததற்காக அதன் சாசனமே பறிக்கப்பட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே மாதம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1989-ல் ரோட்டரி தன் விதியையே மாற்றிக்கொண்டது.

இனி சந்தா. உறுப்பினர் கட்டும் தொகை ஒன்றுதான் என்றாலும், அது பல இடங்களுக்குப் பிரிந்து போகிறது. முதல் பங்கு ரோட்டரி இன்டர்நேஷனல் என்ற உலக அமைப்புக்கு. உறுப்பினர் ஒருவருக்கு இவ்வளவு என்று இதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூடும் ரோட்டரியின் சட்ட மன்றம் தீர்மானிக்கிறது; உலகெங்குமிருந்து ரோட்டரி மாவட்டத்துக்கு ஒரு பிரதிநிதி அதில் வாக்களிப்பார். 2022-23-ல் ஆண்டுக்கு 71 டாலராக இருந்த இந்தத் தொகை, 2023-24-ல் 75, அடுத்த ஆண்டு 78.50, 2025-26-ல் 82 டாலர் என்று ஏற்றப்பட்டது. இரண்டாவது பங்கு ரோட்டரி மாவட்டத்துக்கு. ரோட்டரி கணக்கில் மாவட்டம் என்பது அரசின் வருவாய் மாவட்டம் அன்று; பல சங்கங்களைச் சேர்த்து எண் கொடுத்த ஒரு பிரிவு. இலங்கையும் மாலத்தீவும் சேர்ந்து 3220 என்ற ஒரே மாவட்டம். மூன்றாவது பங்கு பத்திரிகைக்கு. இந்தியாவில் பெரும்பாலோர் பெறும் 'ரோட்டரி நியூஸ்' சென்னையிலிருந்து வெளியாகிறது. மீதி உள்ளூர்ச் சங்கத்தின் கையில் நிற்கும்.

ஊருக்கு ஊர் சந்தா பெரிதும் வேறுபடுவது இந்த மீதியால்தான். நட்சத்திர ஓட்டலில் வாராவாரம் மதிய உணவோடு கூடும் சங்கமும், சொந்தக் கட்டடத்தில் தேநீர், வடையோடு கூடும் சங்கமும் உலக அமைப்புக்கு அனுப்புவது ஒரே தொகை. சாப்பாட்டுச் செலவுதான் முன்னதன் சந்தாவைத் தூக்கிவிடுகிறது. ஆசிரியர்களும் சிறு கடைக்காரர்களும் உறுப்பினராக வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கும் சங்கம் முதலில் கைவைக்க வேண்டியது சாப்பாட்டுச் செலவில்தான்.

ரோட்டரி ஆண்டு ஜூலை 1-ல் பிறக்கிறது. ஊர்ச் சந்திப்புகளில் புதிய தலைவர், செயலாளர் படங்களோடு பதவியேற்பு விழாப் பதாகைகள் எழும் மாதம் அது. உலக அமைப்பின் கட்டணச் சீட்டு ஆண்டுக்கு இருமுறை, ஜூலை 1-ஆம் தேதியும் ஜனவரி 1-ஆம் தேதியும் பட்டியலில் இருக்கும் பெயர்களின் எண்ணிக்கைப்படி வரும். ஆகவே ஜூன், டிசம்பர் மாதக் கடைசியில் பொருளாளருக்குத் தூக்கம் இருக்காது. பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டு, 'அண்ணே, தொடர்றீங்களா?' என்று கேட்பார். 'பாக்கலாம்' என்று பதில் வந்தால் சிக்கல். பெயரை நீக்காமல் விட்டால், அவர் கட்டாவிட்டாலும் அவருக்கான தொகையைச் சங்கம் கட்டியாக வேண்டும். கட்டாத சங்கத்தின் சாசனம் ரத்தாகிவிடும். தனி உறுப்பினருக்கும் கெடு உண்டு. உரிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் சந்தா வராவிட்டால் செயலாளர் எழுத்து மூலம் அறிவிப்பார். அதன் பிறகு பத்து நாளிலும் கட்டாவிட்டால் நிர்வாகக் குழு உறுப்பினர் பதவியை முடித்துவைக்கலாம். ஆயினும் பழகிய மனிதரின் பெயரை அடிக்க யாருக்கும் கை வருவதில்லை. தலைவரோ பொருளாளரோ தன் பையிலிருந்து போட்டுச் சமாளிப்பது பல சங்கங்களில் நடப்பதுதான்.

சந்தாப் பணம் அப்படியே சேவைக்குப் போகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. சந்தா சங்கத்தை நடத்துவதற்கான பணம். சேவைக்கான பணம் நன்கொடையாக, தனியாக வர வேண்டும். அந்த வகையில் பெரியது ரோட்டரி அறக்கட்டளை. 1917-ல் ஆர்ச் கிளம்ப் முன்மொழிந்த இந்த நிதிக்கு அடுத்த ஆண்டு வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். கொடுத்தது கான்சாஸ் சிட்டி சங்கம். அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் கொடுத்தவருக்கு, அல்லது அவர் சுட்டும் ஒருவருக்கு, 'பால் ஹாரிஸ் ஃபெலோ' என்ற சிறப்பு கிடைக்கிறது. இது முழுக்க விருப்பத்தைப் பொறுத்தது.

உள்ளூரிலும் பணம் இரண்டு கணக்காகவே இருக்க வேண்டும்: நிர்வாகச் செலவுக்கு ஒன்று, சேவைக்கு ஒன்று. 1917-ல் அதே சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸின் முயற்சியால் பிறந்த லயன்ஸ் சங்கத்தில் இது இன்னும் கறாரான விதி. பொதுமக்களிடம் திரட்டிய பணத்தில் ஒரு ரூபாயைக்கூட சங்கத்தின் சாப்பாட்டுக்கோ அலுவலகத்துக்கோ செலவிடக் கூடாது. இந்த இரண்டு கணக்கையும் கலக்கவிட்ட சங்கத்தின் பெயரை ஊரில் மீட்டெடுப்பது எளிதன்று. ஆண்டறிக்கையில் இரண்டும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கின்றனவா என்று சேர நினைப்பவர் முதலில் பார்ப்பது நல்லது.

சங்கத்துக்குப் பணம் வரும் குறும்பான வழி ஒன்றும் இருக்கிறது. கூட்டத்தில் ஒழுங்கு பார்க்கும் சார்ஜென்ட், பேட்ஜ் அணியாமல் வந்தவருக்கும் தாமதமாக வந்தவருக்கும் சிறு அபராதம் போடுவார். மகள் திருமணம், புதுக் கடைத் திறப்பு என்று மகிழ்ச்சிச் செய்தி சொல்பவரும் உண்டியலில் ஏதாவது போடுவார். லயன்ஸில் இந்த வேலைக்கு 'டெயில் ட்விஸ்டர்', அதாவது வாலை முறுக்குபவர், என்றே ஒரு பதவி உண்டு. அவருக்கு அபராதம் போட வேண்டுமானால் வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும்.

வருகைக்கு வருவோம். சிறு நகரமொன்றின் ரோட்டரி அரங்கில் மாலைக் கூட்டம். வாசலில் மேசை; அதன் மேல் வருகைப் பதிவேடு; பக்கத்துப் பலகையில் வரிசையாக மாட்டிய பெயர் பேட்ஜுகள். வருபவர் கையெழுத்துப் போட்டுத் தன் பேட்ஜை எடுத்துக் குத்திக்கொள்வார். தலைவர் மணியடித்துக் கூட்டத்தைத் தொடங்குவதற்குள் பலகையில் எத்தனை பேட்ஜ் மீதம் தொங்குகிறது என்பதை ஒரு பார்வையில் செயலாளர் கணக்கிட்டுவிடுவார். பல வாரமாக எடுக்கப்படாத பேட்ஜின் மேல் தூசி படிந்திருக்கும். அந்தப் பெயருக்குரியவருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்று அவர் மனதில் குறித்துக்கொள்வார். நல்ல செயலாளருக்கு அடையாளம் இந்தப் பேச்சுதான். வராததற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டு நோயோ தொழில் நெருக்கடியோதான், அதைச் சங்கம் அறிய வேண்டும்.

நெடுங்காலம் நடைமுறையில் இருந்த விதி இது: ஒவ்வொரு அரையாண்டிலும் கூட்டங்களில் பாதிக்காவது வர வேண்டும். அதில் சொந்தச் சங்கத்தின் கூட்டங்களில் 30 சதவீதத்துக்காவது வந்திருக்க வேண்டும். தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பினால் செல்லாது. கூட்ட நேரத்தில் குறைந்தது 60 சதவீதம் இருந்தால்தான் வருகை. ஒரு மணி நேரக் கூட்டமானால் 36 நிமிடம். தொடர்ந்து நான்கு கூட்டங்களுக்கு வராமலும் அதை ஈடு செய்யாமலும் இருந்தால், அந்த வராமையையே விலகல் விண்ணப்பமாகக் கொள்ளலாம் என்று நிர்வாகக் குழு அவருக்குத் தெரிவிக்கும்.

ஈடு செய்வதை உறுப்பினர்கள் 'மேக்-அப்' என்பார்கள். சொந்த ஊரில் தவறவிட்ட கூட்டத்துக்குப் பதில் வேறெந்த ஊர்ச் சங்கத்தின் கூட்டத்திலும் கலந்துகொள்ளலாம். முன்னும் பின்னும் 14 நாளுக்குள் என்பது பல காலம் இருந்த வரம்பு. வியாபார வேலையாக வெளியூர் போன ஈரோட்டு ஜவுளிக்காரர், மாலையில் அங்குள்ள சங்கத்தில் போய் உட்காருவார். அந்தச் சங்கத்துச் செயலாளர் கையெழுத்திட்ட அட்டையோடு ஊர் திரும்புவார். முகம் தெரியாத ஊரில் அவருக்கு முப்பது பேர் அறிமுகமாகியிருப்பார்கள். ஒரு கட்டாய விதி இவ்வளவு நட்பை வளர்த்தது வேறெங்கும் அதிகம் காணக்கூடியதன்று.

2013 முதல் பங்கேற்பும் வருகைக்கு ஈடாக விதியில் நுழைந்தது. பாதிக் கூட்டங்களுக்கு வர முடியாதவர், சங்கத்தின் திட்டங்களிலும் நிகழ்ச்சிகளிலும் அரையாண்டுக்குக் குறைந்தது 12 மணி நேரம் உழைத்திருந்தால் போதும். இரண்டையும் கலந்தும் கணக்குக் காட்டலாம். மிகப் பெரிய திருப்பம் 2016 ஏப்ரலில் சிகாகோவில் கூடிய சட்ட மன்றத்தில் வந்தது. அந்த ஆண்டு உலகத் தலைவராக இருந்தவர் கொழும்புச் சங்கத்தின் கே. ஆர். ரவீந்திரன். வாராவாரம் கூட வேண்டிய கட்டாயம் நீங்கி, மாதம் இருமுறை கூடினால் போதும் என்றானது. கூட்டம் நேரிலும் நடக்கலாம், இணையத்திலும் நடக்கலாம். வருகை விதியைத் தளர்த்துவதும் இறுக்குவதும் அந்தந்தச் சங்கத்தின் விருப்பம் என்றானது. நான்கு ஆண்டு கழித்துக் கொரோனா வந்தபோது இந்தத் தளர்வு சங்கங்களுக்குக் கைகொடுத்தது.

தளர்வால் இளைஞர்களும் வேலைக்குப் போகும் பெண்களும் சேர வழி பிறந்தது உண்மை. அதே சமயம், சந்தாவை மட்டும் கட்டிவிட்டுப் பெயரளவில் இருக்கும் வழியும் அகலமானது. இந்த இரண்டாவதைச் சங்கங்கள் லேசாக எடுத்துக்கொள்வது வருந்தத்தக்கது. ஏனெனில் சங்கத்தின் வேலை முழுவதும் ஆள்பலத்தால் நடப்பது.

கண் சிகிச்சை முகாமை எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் நடத்தப் பெரிதும் நம்பியிருப்பது ரோட்டரி, லயன்ஸ் போன்ற உள்ளூர் அமைப்புகளைத்தான். பரிசோதனையும் அறுவை சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பு. பள்ளிக்கூடத்தைக் கேட்டு வாங்குவது, பக்கத்துக் கிராமங்களில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பது, காலை ஆறு மணிக்கே பெஞ்சுகளை வரிசையாகப் போடுவது, வரும் முதியவர்களின் பெயரை எழுதுவது, கண்புரை கண்டவர்களை வண்டியில் ஏற்றி அனுப்புவது ஆகியவை சங்கத்தின் வேலை. மாற்று உடை எடுத்து வராத பாட்டியின் வீட்டுக்கு ஆள் அனுப்பி மகனுக்குத் தகவல் சொல்லவும் ஒருவர் வேண்டும். நாற்பது பேர் சந்தா கட்டிய சங்கத்தில் முகாம் காலையில் ஆறு பேர் மட்டும் நின்றால், அந்த ஆறு பேரும் அடுத்த ஆண்டு களைத்துப்போவார்கள்.

போலியோ ஒழிப்பும் இப்படியே நடந்தது. 1985-ல் ரோட்டரி உலக அளவில் அறிவித்த போலியோ பிளஸ் திட்டத்துக்குப் பணம் பெரிதாகத் திரண்டது. ஆனால் சொட்டு மருந்து நாளில் பூத்துகளில் நின்று, வீடு வீடாகப் போனவர்களில் அரசு ஊழியர்களோடு சங்க உறுப்பினர்களும் இருந்தார்கள். இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

இளைஞர்களுக்கான ரோட்டராக்ட் சங்கங்களுக்கும் 2022-ல் உலகச் சந்தா வந்தது: கல்லூரிச் சங்கமானால் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 டாலர், ஊர்ச் சங்கமானால் 8 டாலர். எந்தச் சங்கமானாலும், சேருவதற்கு முன் நான்கைந்து கூட்டங்களுக்கு விருந்தினராகப் போய் உட்கார்ந்து பார்ப்பது எல்லோருக்கும் நல்லது. சந்தா எவ்வளவு என்று கேட்பதோடு, சென்ற திட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்றும் கேட்கலாம்.

வருகை விதிக்கு விலக்குகளும் உண்டு. நோய், வெளிநாட்டுப் பயணம் போன்ற நியாயமான காரணம் இருந்தால் நிர்வாகக் குழு ஓர் ஆண்டு வரை வருகையிலிருந்து விலக்குத் தரும். மூத்தவர்களுக்குத் தனி விதி. வயதையும் உறுப்பினராக இருந்த ஆண்டுகளையும் கூட்டினால் 85 வர வேண்டும். குறைந்தது 20 ஆண்டு உறுப்பினராக இருந்திருக்கவும் வேண்டும். 45 வயதில் சேர்ந்தவர் 65-ல் இந்தத் தகுதியை எட்டுவார். எழுதிக் கொடுத்து நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டபின், அவர் வராத நாளில் அவர் பெயர் சங்கத்தின் வருகைக் கணக்கில் சேராது. வந்த நாளில் சேரும். சந்தாவை மட்டும் அவரும் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.